யாம் காணாதொழிந்த காதல்

கள்ளக்குறிச்சியிற் பிறந்து வளர்ந்த எம்போன்றார்க்குப் ‘பொன்னியின் செல்வன்’ என்னும் பெருங்கதையின்மேல் ஒரு தனியுரிமை உண்டு. கதை காவிரிக் கரையதாயினும், அதில் வரும் முதியவர் ஒருவர் எம் பக்கத்தவர். திருக்கோவலூர் மலையமானாகிய அக்கிழவர், ஆதித்த கரிகாலனின் தாய்வழிப் பாட்டனார். பேரனைக் கடம்பூருக்குப் போகவேண்டா என்று தடுத்துப் பார்த்தவர். 2019ஆம் ஆண்டு நவம்பர்த் திங்களில் கள்ளக்குறிச்சி தனி மாவட்டமானபோது திருக்கோவலூரும் எம்மோடு சேர்ந்துகொண்டது. எனவே சிறுவயதில் அக்கதையைக் கேட்டபொழுதெல்லாம், மலையமான் பேசும் இடம் வந்தால் எம்மூர்ப் பெரியவர் ஒருவர் பேசுவதாகவே எண்ணி நிமிர்ந்து உட்காருவோம்.

கேட்டபொழுது என்றோம், முதன்முறை அந்நூலை யாம் படிக்கவில்லை. எம்மினும் எட்டாண்டு மூத்த எம் தமக்கையார் படிக்க, யாம் கேட்டோம். எம் இல்லத்தில் உள்ளது கடையில் வாங்கிய பதிப்பு அன்று. ‘கல்கி’ வார இதழில் 1950 முதல் 1954 வரை அக்கதை தொடர்ந்து வெளிவந்த காலத்தில், வாரந்தோறும் தாள்களைப் பிரித்தெடுத்துச் சேர்த்துத் தைத்துக் கட்டிய ஐந்து கட்டங்கள். எம் பாட்டியார் மணமாகி வந்தபோது பித்தளைப் பாத்திரங்களோடு அவையும் வந்தனவாம். மணியம் அவர்கள் தீட்டிய சித்திரங்கள் அவற்றில் அப்படியே இருக்கின்றன. தாள் மாத்திரம் வாழைச் சருகுபோற் பழுத்துவிட்டது. கோடை விடுமுறையில், கல்வராயன் மலைக்குப் பின்னே ஞாயிறு இறங்கும் வேளையில், திண்ணையில் அமர்ந்து தமக்கையார் நாளொன்றுக்கு மூன்று நான்கு அத்தியாயம் படிப்பார். எமக்கு அப்போது வயது பதினொன்று.

கடைசி அத்தியாயத்தை மட்டும் அவர் படித்து முடிக்கவில்லை. பாதியில் குரல் நின்றது. விளக்கேற்ற வேண்டும் என்று சொல்லி உள்ளே போய்விட்டார். எஞ்சியதை யாமே எழுத்துக் கூட்டிப் படித்து முடித்து, “அக்கா, வந்தியத்தேவன் சாகவில்லையே, செத்தது மணிமேகலைதானே, அதற்கா அழுகிறாய்?” என்று கேட்டோம். இத்தனை ஆண்டு கழித்து அக்கேள்வியை நினைக்கும்போது எமக்கு நாணம் மேலிடுகிறது. இக்கட்டுரை எழுத நேர்ந்ததும் அதனாலேயே.

கதையை அறியாதார் பொருட்டு ஓரிரு சொல். வந்தியத்தேவன் வாணர் குலத்து இளைஞன். கரிகாலன் தந்த ஓலைகளோடு காஞ்சியிலிருந்து புறப்படுகிறான். இளைய பிராட்டி குந்தவையைக் கண்டதும் உள்ளம் பறிகொடுக்கிறான். இது எல்லார் கண்ணிலும் படும் காதல். நந்தினியின் அழகில் ஆண்கள் அகப்பட்டுத் தவிப்பதும், பூங்குழலி அருள்மொழிவர்மரை எண்ணி ஏங்குவதும் அவ்வாறே வெளிப்படை. கடம்பூர்ச் சம்புவரையர் மகளும், வந்தியத்தேவனின் தோழன் கந்தமாறனுக்குத் தங்கையுமாகிய மணிமேகலை ஒருத்தியே, பலர் கண்ணிலும் படாமல் கதைக்குள் உலவுகின்றாள். அவள் வந்தியத்தேவனை விரும்புகிறாள் என்பதைப் பிற்பாகங்களில் ஆசிரியரே சொல்லிவிடுகிறார். அதைக் காணாதார் இலர். ஆனால் அதனை ஒரு விளையாட்டுப் பெண்ணின் பேதைமை என்றெண்ணிக் கடந்துவிடுகிறோம். 2022, 2023ஆம் ஆண்டுகளில் இரு பகுதிகளாக வெளிவந்த திரைப்படத்தில் அவளுக்கு இடமே இல்லாமற் போயிற்று. படத்தை மட்டும் பார்த்த எம் விடுதித் தோழர் சிலர், அப்படி ஒருத்தி உண்டா என்று எம்மையே கேட்டனர். ஐந்து பாகக் கதையைச் சில மணி நேரத்தில் அடக்குவோர் யாரையேனும் விடத்தான் வேண்டும். அதுபற்றி எமக்குக் குறையில்லை. விடப்பட்டவள் அவள் என்பதே நோக்கத்தக்கது.

நிற்க. சென்ற ஆண்டு வகுப்பில் எமக்குக் குறிஞ்சிப்பாட்டுப் பாடமாயிற்று. கபிலர் ஆரிய அரசன் பிரகத்தனுக்குத் தமிழ் அறிவுறுத்தப் பாடியது என்பர். 261 அடி, அதனுள் மகளிர் பறித்துக் குவித்த 99 மலர்களின் பெயர்கள். பரீட்சைக்கு அம்மலர்ப் பெயர்களை மனனம் செய்ததே பெரும்பாடு. எம் உள்ளத்தைக் கவர்ந்ததோ மலர்கள் அல்ல, அப்பாட்டிற் பேசப்படாமல் நிற்கும் செவிலித்தாயே. மகளின் மேனி வாடுகிறது. தாய்க்குக் காரணம் விளங்கவில்லை. அறிந்தாரை வினவுகிறாள்; தெய்வங்களுக்கு நறும்புகையும் மலரும் இட்டு வழிபடுகிறாள். அருகிலிருக்கும் தோழிக்கோ எல்லாம் தெரியும். பின்னர் அவளே அறத்தொடு நின்று உண்மையைச் சொல்கிறாள். அகப்பாட்டுக்கள் பலவற்றில் இது மேலும் ஒரு படி போகும்: தாய் வேலனை அழைப்பாள்; மறியறுத்து வெறியாட்டு நிகழும்; முருகு அணங்கிற்று என்று வேலன் சொல்வான். ஊரே அவன் ஆட்டத்தைப் பார்த்துக்கொண்டிருக்க, நோய்க்குக் காரணம் மலைநாடன் ஒருவன் என்பதைத் தலைவியும் தோழியும் மட்டுமே அறிந்திருப்பர்.

கபிலர் எம் பக்கத்துக்கு அயலார் அல்லர். பாரி மகளிரை மலையருக்கு அளித்தபின் அவர் தீப்புகுந்த செய்தியைத் திருக்கோவலூர் வீரட்டானேசுவரர் கோயிற் கல்வெட்டுக் கூறுகிறது. தென்பெண்ணை ஆற்றிடையே உள்ள கபிலர் குன்றை இன்றும் காட்டுவர். அதே கல்வெட்டில், மலையமான் குலத்திற் பிறந்து சுந்தர சோழர்க்கு மாதேவியான வானவன் மாதேவி, கணவரோடு உடன் மாய்ந்த செய்தியும் உண்டு. கல்வராயன் மலையில் 2000 முதல் 3000 அடி உயரத்திலுள்ள வெள்ளிமலை, கரியாலூர்ப் பக்கங்களுக்கு மழைக்காலத்திற் போனால், குறிஞ்சித்திணை என்று ஏட்டிற் படித்தது கண்ணெதிரே நிற்கும். கச்சிராயபாளையத்திலிருந்து மலையேறும் வழியில், கீழே கோமுகி அணையின் நீர்ப்பரப்பைப் பார்த்தபடி, அப்பாட்டின் செவிலியைப் பற்றியே யாம் எண்ணிக்கொண்டு சென்றதுண்டு.

அவ்வாண்டுக் கோடையில் மீண்டும் அப்பழைய கட்டங்களைக் கையிலெடுத்தோம். முதற்பாகமாகிய ‘புது வெள்ள’த்தின் தொடக்க அத்தியாயங்களிலேயே திடுக்கிட்டு நின்றோம். ஆடிப்பெருக்கு நாளில் வீரநாராயண ஏரிக்கரை வழியே வந்த வந்தியத்தேவன், அன்றிரவு கடம்பூர் மாளிகையில் தங்குகிறான். அவ்விரவில் நிகழ்வன பல. பெரிய பழுவேட்டரையரும் சிற்றரசர் பிறரும் கூடுகின்றனர்; நள்ளிரவிற் சதியாலோசனை; மூடுபல்லக்கிலிருந்து மதுராந்தகன் வெளிப்படுகிறான். படிக்கும் எவரும் மூச்சுவிட மறக்கும் இடம் அது. அச்சதிக்குச் சற்று முன்னே மாளிகை முற்றத்திற் குரவைக் கூத்து நிகழ்கிறது; அதன் பின்னர்த் தேவராளனும் தேவராட்டியும் வந்து வேலன் வெறியாட்டு ஆடுகின்றனர். தேவராளன் வெறி ஏறிப் பலி கேட்கிறான். தொன்மையான அரசகுலத்து இரத்தம் வேண்டும் என்கிறான். கேட்போர் எல்லாரும் நடுங்குகின்றனர். அது கரிகாலன் கொலைக்கு முன்னறிவிப்பு என்று பதினொரு வயதில் யாமும் கண்டுகொண்டோம்.

ஆனால் அந்த வெறியாட்டு யார் வீட்டில் நிகழ்கிறது? அன்றிரவு அந்தப்புரத்தில் இருப்பவள் யார்? கந்தமாறனும் வந்தியத்தேவனும் எல்லைக் காவலில் ஒன்றாயிருந்த நாளில், தன் தங்கையைப் பற்றி அவன் தோழனிடம் பலகாற் பேசியிருக்கிறான். வீட்டுக்கு வந்தபோது தோழனைப் பற்றித் தங்கையிடமும் அவ்வாறே பேசியிருக்கிறான். காணாத ஒருவனைக் கேள்வியாலேயே நெஞ்சில் வைத்துக்கொண்ட பெண் அந்த மாளிகைக்குள்ளேயே இருக்கிறாள். அவள் நினைத்தவன் அன்று மாலைதான் வாயிலில் வந்து இறங்கினான். அகப்பாட்டுப் பயின்றார்க்குத் தெரியும், வேலன் ஆடும் மனையில் மறைத்த காதல் ஒன்று இருக்கும் என்பது. வேலன் சொல்லும் காரணம் ஒன்றாகவும் மெய்க்காரணம் வேறாகவும் இருக்கும் என்பதும் தெரியும். கடம்பூரிலும் தேவராளன் கூற்றையே எல்லாரும் கேட்டனர், யாமும் கேட்டோம். கதைக்குள் இருந்தோரும் கதையைப் படித்தோரும் ஒருங்கே செவிலித்தாயர் ஆயினோம்.

இதனை ஆசிரியர் எண்ணியே செய்தார் என்று சாதிக்க யாம் துணியோம். ஆயின், அடுத்து வரும் பேச்சு ஒன்று இக்கருத்துக்கு வலி தருகிறது. முன்பு அத்துணை ஆர்வத்தோடு பேசிய கந்தமாறன், இப்போது தங்கையைப் பற்றிக் கேட்டால் மழுப்புகிறான். அவளைப் பெரிய இடத்திற் கொடுக்க ஏற்பாடு நடக்கிறது, அவளை மறந்துவிடு என்கிறான். வந்தியத்தேவனும் எளிதாக மறந்துவிடுகிறான். ஒரு பெண்ணின் வாழ்வு அவ்விரு இளைஞர்களின் அரைநாழிகைப் பேச்சில் முடிந்துபோகிறது. அவளை ஒருவரும் கேட்கவில்லை. மறுநாட் காலையில் வந்தியத்தேவன் குதிரையேறிப் போகிறான். வாசகரும் அவனோடு போய்விடுகிறோம். மாளிகையில் நின்றுவிட்டவளைத் திரும்பிப் பார்க்க நமக்கு நேரமில்லை.

காணாமைக்குத் தலையாய காரணம் இங்கேதான் உள்ளது என்பது எம் துணிபு. கதையின் பெரும்பகுதியை வந்தியத்தேவன் கண்ணாலேயே காண்கிறோம். அவன் கூர்மையானவன், சுரங்க வழியைக் கண்டுபிடிப்பான், மாறுவேடத்தைக் கண்டுகொள்வான். எனவே அவன் காணாத ஒன்று உண்டு என்னும் ஐயமே நமக்கு எழுவதில்லை. தன்னை ஒருத்தி விரும்புகிறாள் என்பதை அவன் இலேசாக எடுத்துக்கொள்வதால், நாமும் இலேசாகவே எடுத்துக்கொள்கிறோம். வார இதழில் வந்த முறைமையும் இதற்கு ஒரு துணை. இவ்வாரம் ஒரு குறிப்பு, பல திங்கள் கழித்து மற்றொன்று, இடையே ஈழமும் கடலும் சூழற்காற்றும். ஆண்டுக்கணக்கிற் பரந்து கிடப்பவற்றை யார் கோத்துப் பார்ப்பார்?

கோத்துப் பார்த்தாற் கிடைப்பது சிறு மாலை அன்று. தஞ்சையிற் கந்தமாறன் முதுகிற் குத்துண்டு, அதைச் செய்தவன் வந்தியத்தேவனே என்று நம்பி, தங்கையிடம் அவனைத் துரோகி என்கிறான். முதலில் அன்பை மூட்டியவனே பின்பு வெறுக்கச் சொல்கிறான், அவளோ மறுக்கிறாள். அவளை மதுராந்தகனுக்குக் கொடுப்பதா, கரிகாலனுக்குக் கொடுப்பதா என்று பெரியோர் மாற்றி மாற்றி எண்ணுகிறார்கள். அவள் மனத்தை அறிந்துகொள்பவள் ஒருத்தியே: நந்தினி. பழிவாங்க வந்தவளே அப்பேதைக்குத் தோழியாய் வாய்க்கிறாள்! அகப்பாட்டில் தோழி செய்யும் வேலையை இங்கே சூழ்ச்சிக்காரி செய்கிறாள் என்பது எமக்கு நெடுநேரம் நெஞ்சை உறுத்தியது. ஈற்றிற் கரிகாலன் இறந்துபட, பழி வந்தியத்தேவன்மேல் விழப் போகிறது. அப்போது மணிமேகலை, கொன்றவள் தானே என்று அப்பழியைத் தன் தலைமேற் போட்டுக்கொள்ள முற்படுகிறாள். சிறுவயதில் இதைக் கேட்டபோது, “பொய் சொல்லத் தெரியாத பெண்” என்று சிரித்தோம்.

இனி, அவள் காதல் ஏன் கைகூடாது என்பதற்குக் கதைக்கு வெளியே ஒரு காரணம் உண்டு. தஞ்சைப் பெரிய கோயிலில் இராசராசன் காலத்துக் கல்வெட்டு, அவன் தமக்கையார் குந்தவைப் பிராட்டியை வல்லவரையர் வந்தியதேவரின் தேவியார் என்றே குறிக்கின்றது. அவர்தம் திருமணம் கல்லில் எழுதப்பட்டது. கல்கி அவர்கள் விரும்பினாலும் மாற்ற இயலாது. மணிமேகலையோ கற்பனைப் பாத்திரம். எந்தக் கல்லிலும் அவள் பெயர் இல்லை. சரித்திரத்தில் இருப்பவனைச் சரித்திரத்தில் இல்லாதவள் விரும்பினாற் போகும் வழி ஒன்றே. இதனை அறிந்துகொண்டே ஆசிரியர் அவளைப் படைத்தார் என்று எண்ணும்போது, அவர்மேற் சினமும் வருகிறது, வியப்பும் வருகிறது. அவளுக்கு இட்ட பெயரையும் பாருங்கள். சாத்தனார் காப்பியத்து மணிமேகலை, தன்னை விரும்பிய உதயகுமரனை விட்டுத் துறவு பூண்டவள். அங்கே காதலிக்கப்பட்டவள் விலகினாள். இங்கே காதலித்தவள் விலக்கப்படுகிறாள்.

இவ்வொருதலைக் காமத்தைத் தமிழ் நூலார் கைக்கிளை என்றனர். தொல்காப்பியர் எழுதிணையுள் அதனை முதலில் வைத்தும் அன்பின் ஐந்திணையுட் சேர்த்திலர். அது பெரும்பாலும் ஆடவன்பாலதாகவே பேசப்படுவது. ஆயினும் புறநானூற்றில் 83, 84, 85ஆம் பாட்டுக்களைப் பாடிய நக்கண்ணையாரை மறத்தலாகாது. சோழன் போரவைக் கோப்பெருநற்கிள்ளியைத் தொலைவிலிருந்து கண்டு விரும்பிய அப்பெண், தாய்க்கு அஞ்சியும் அவைக்கு நாணியும் நின்ற நிலையைத் தாமே பாடினார். அவர் பாடியமையால் நமக்குத் தெரிந்தது. மணிமேகலை நக்கண்ணையார் மரபினள். ஆனாற் பாடல் எழுதி வைக்கவில்லை. ஒரு சிரிப்பும், ஒரு பொய்ச் சாட்சியும், ஈற்றில் ஒரு மயக்கமுமே அவள் விட்டுச்சென்ற ஏடுகள்.

இவற்றை விடுதியிற் சொன்னபோது தோழர்கள் எம்மை எளிதில் விடவில்லை. இப்படிப் பார்க்கத் தொடங்கினால் ஆழ்வார்க்கடியானின் கைத்தடிக்கும் ஒரு காதல் கற்பிக்கலாமே என்றார் ஒருவர். இலக்கணப் புலமையிற் சிறந்த மற்றொருவர், உள்ளுறை என்பது தெய்வம் தவிர்ந்த ஏனைக் கருப்பொருள்களை நிலைக்களமாகக் கொண்டே வரும் என்பது விதியாதலின், வேலன் வெறியாட்டை வைத்து உள்ளுறை கொள்ளுதல் வழுவாம் என்று எம் தலையிற் குட்டினார். குட்டு நியாயமானதே, எனவே உள்ளுறை என்னும் பெயரை யாம் விட்டுவிடுகிறோம். பெயர் போகட்டும், பொருள் போகாது. கைத்தடிக்காரருக்கு எம் விடை இது: நூலில் இருப்பதை எடுப்பதற்கும் இல்லாததை ஏற்றுவதற்கும் வேறுபாடு அறிய ஒரு வழி உண்டு. யாம் கண்டதாகச் சொல்வது, வேறு வழியில் விளங்காத ஒன்றை விளக்குகிறதா என்று பார்க்கவேண்டும். சோழப் பேரரசின் மணிமுடி யாருக்கு என்பதே கதையின் பெருஞ்சிக்கல். அது தீர்ந்து, அருள்மொழிவர்மர் முடியை உத்தம சோழருக்கு ஈந்து, கதை முடிந்தது என்று எல்லாரும் எழுந்திருக்கும் வேளையில், ஆசிரியர் நம்மைக் கையமர்த்தி, ‘மலர் உதிர்ந்தது!’ என்னும் ஓர் அத்தியாயம் எழுதுகிறார். அரசரைப் பற்றியதன்று, போரைப் பற்றியதன்று. சித்தம் கலங்கிய மணிமேகலை, வந்தியத்தேவன் மடியில் உயிர்விடுவதோடு கதை நிற்கிறது. வேடிக்கைக்காக வந்துபோன சிறு பாத்திரம் ஆயின், அத்துணைப் பெருங்கதையின் கடைசி அத்தியாயத்தை அவளுக்கு ஏன் கொடுக்கவேண்டும்? ஐந்தாம் பாகத்தின் பெயர் ‘தியாகச் சிகரம்’. அது முடியை ஈந்தவரையே குறிக்கும் என்று இதுகாறும் எண்ணியிருந்தோம். இப்போது அத்துணை உறுதி எமக்கில்லை.

இக்கண்டுபிடிப்பைத் தலையிற் சுமந்துகொண்டு, அவ்விடுமுறையிலேயே சின்னசேலத்தில் வாழும் தமக்கையார் இல்லத்துக்குச் சென்றோம். கட்டங்களையும் உடன் கொண்டுபோனோம். அவர் அடுக்களையில் வேலையாயிருந்தார். வெறியாட்டு முதல் கைக்கிளை ஈறாக யாம் சொன்ன அத்தனையும் கேட்டுவிட்டு, “இதைக் கண்டுபிடிக்கத்தான் இத்தனை பணம் கட்டி ஆனர்ஸ் படிக்கிறாயா, தம்பி?” என்றார்.

“அப்படியானால் அன்றே உனக்குத் தெரியுமா, அக்கா?”

“படித்துக்கொண்டு போகும்போதே தெரியுமே. நீ வாள் சண்டை எப்போது வரும் என்று கேட்டுக்கொண்டே இருந்தாய். உனக்கு எதைச் சொல்வது?”

பிறகு யாம் காட்ட நினைத்த ஒன்றைக் காட்டினோம். மறுமுறை படித்தபோது, தாள்களின் ஓரத்தில் ஆங்காங்கே சிறு பென்சிற் புள்ளிகள் இருக்கக் கண்டோம். முதலில் அவற்றைப் பொருட்படுத்தவில்லை. பின்னர் எண்ணிப் பார்த்தால், மணிமேகலை வரும் இடங்களில் மாத்திரமே அவை இருந்தன. கந்தமாறன் தங்கையைப் பற்றிய பேச்சை மழுப்பும் இடத்தில், அவள் முகத்தை நாம் நன்றாகப் பார்ப்பதற்கு முன்பே, முதற்புள்ளி இருந்தது. தமக்கையார் வைத்த அடையாளமே என்று எண்ணி அவர்முன் கட்டத்தை விரித்தோம்.

அவர் ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு குனிந்து பார்த்தார். “நான் வைத்தது அல்ல. நான் உனக்குப் படித்துக் காட்டும்போதே இவை இருந்தன. இவை பாட்டியுடையவை,” என்றார்.

எம் பாட்டியாரை யாம் நன்கு அறிவோம் என்றே எண்ணியிருந்தோம். நெற்கணக்கும் பால்கணக்கும் பிழையாமல் வைத்தவர். உரத்துச் சிரித்து யாம் கண்டதில்லை. கதை இதழில் வந்துகொண்டிருந்த நாளில் அவருக்குப் பதினான்கு பதினைந்து வயதிருக்கும். அது முடிந்த சில ஆண்டுகளில் அவருக்கு மணமாயிற்று. அவர் மறைந்து ஆறாண்டு ஆகின்றது. புள்ளிகளை வாரந்தோறும் தாள் வந்த கையோடு வைத்தாரா, கட்டிய பின் ஆற அமர இருந்து வைத்தாரா என்பதைக் கேட்டறிய இனி வழியில்லை.

தமக்கையாரும் யாமும் ஐந்தாங் கட்டத்தை எடுத்துக் கடைசி அத்தியாயத்தைத் திருப்பிப் பார்த்தோம். அத்தாள்களில் மட்டும் ஒரு புள்ளியும் இல்லை.